முழங்கும் அறையை அடக்குவது எப்படி: சூழலுக்கு உகந்த ஒலி உறிஞ்சும் சுவர் உறைகள் – முழுமையான வழிகாட்டி

சுவரில் ஒலி உறிஞ்சும் பலகை மாட்ட நினைப்பவர்கள் பெரும்பாலும் நிறத்தில் தொடங்குகிறார்கள். அடுத்து, அது எதனால் செய்யப்பட்டது என்று பார்க்கிறார்கள். பழைய பாட்டிலில் செய்தது, கார்க்கில் செய்தது, காளானில் வளர்த்தது என்று கேட்டதும் மனசு நிறைந்துவிடுகிறது. எவ்வளவு தேவை, எங்கே தேவை, பிறகு எப்படிக் கழற்றுவது என்ற மூன்று கேள்விகளும் கடைசியில்தான் வருகின்றன. பல நேரம் வருவதே இல்லை. ஆனால் ஒரு சுவர் உறை பூமிக்கு எவ்வளவு பாரம் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பவை இந்த மூன்றும்தான். நாற்பது சதுர மீட்டர் மெல்லிய ஃபெல்ட்டை (இழைகளை அழுத்திச் செய்த தாள்) பசை போட்டு ஒட்டி, ஐந்து வருடத்தில் சுரண்டிக் குப்பையில் போடுவதைவிட, பத்து சதுர மீட்டர் தடித்த கம்பளியைச் சரியான இடத்தில் கொக்கி போட்டு மாட்டுவது எவ்வளவோ மேல். இந்த வழிகாட்டி அந்த வரிசையில்தான் போகிறது.

படி 1: தொல்லை உள்ளே பிறக்கிறதா, வெளியிலிருந்து வருகிறதா?

இதை முதலில் தெளிவாக்கிக் கொள்ளாமல் செலவு செய்து ஏமாந்தவர்கள் நிறையப் பேர். பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சியும் தெருவில் போகும் லாரியும் கேட்கிறதென்றால், சுவர் உறையால் பெரிதாக எதுவும் நடக்காது. வெளிச்சத்தத்தைத் தடுக்க வேண்டியது எடை. கூடவே கதவு, ஜன்னல் இடுக்குகளை அடைப்பது. ஒற்றைச் சுவரின் எடையை இரட்டிப்பாக்கினால் கிடைக்கும் கூடுதல் தடுப்பு ஏறக்குறைய 6 டெசிபல். இரண்டு கிலோ எடையுள்ள ஃபெல்ட் அந்த வேலையைச் செய்யாது.

சுவர் உறை தீர்ப்பது வேறொரு தொல்லை. அறைக்குள் எழும் பேச்சு சுவருக்குச் சுவர் மோதித் திரும்பி, ஒரு சொல் அடங்குமுன் அடுத்த சொல் வந்து அதன்மேல் விழுகிறது. இதற்குப் பெயர் எதிர்முழக்கம். நான்கு பேர் பேசினால் பத்துப் பேர் பேசுவதுபோல் இருப்பது, வீடியோ அழைப்பில் ‘கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிறாயா?’ என்று கேட்கப்படுவது, அரைமணி நேரக் கூட்டத்திலேயே தலை கனப்பது எல்லாம் இதன் அடையாளங்கள்.

அறையின் நடுவில் நின்று ஒருமுறை பலமாகக் கை தட்டுங்கள். தட்டியதும் ‘ஸ்ஸ்’ என்று வால் நீண்டால் எதிர்முழக்கம் அதிகம். ‘டிர்ர்ர்’ என்று உலோகத் துடிப்பாகக் கேட்டால், எதிரெதிரே நிற்கும் இரண்டு வெற்றுச் சுவர்கள் ஒலியைப் பந்தாடுகின்றன என்று பொருள். பின்னதைச் சரிசெய்வது எளிது: அந்த இரண்டில் ஒரு சுவரை மட்டும் கவனித்தாலே போதும்.

படி 2: அளந்து பாருங்கள்

1895-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் புதிதாகக் கட்டிய ஒரு விரிவுரை அறையில் யார் பேசினாலும் புரியவில்லை. சொன்ன சொல் ஐந்து விநாடிக்கு மேல் அறையிலேயே சுற்றிக்கொண்டிருந்தது. இதைச் சரிசெய்யும் பொறுப்பு வாலஸ் கிளெமென்ட் சபைன் என்ற இளம் இயற்பியல் ஆசிரியரிடம் வந்தது. அவர் பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவில் தூக்கிவந்து அறையில் அடுக்கினார். ஓர் ஆர்கன் குழாயை ஒலிக்கவிட்டு, நிறுத்தி, ஒலி அடங்க எவ்வளவு நேரம் ஆகிறதென்று அளந்தார். மெத்தை கூடக் கூட நேரம் குறைந்தது. இதிலிருந்து பிறந்த வாய்ப்பாட்டைத்தான் இன்றும் பயன்படுத்துகிறோம்:

எதிர்முழக்க நேரம் = 0.161 × அறையின் கன அளவு ÷ மொத்த உறிஞ்சுதல்

கன அளவு கன மீட்டரில், நேரம் விநாடியில். உறிஞ்சுதலின் அலகைச் சபைன் அழகாக யோசித்தார். திறந்த ஜன்னல் வழியே போன ஒலி திரும்பி வராது. ஆகவே ஒரு சதுர மீட்டர் திறந்த ஜன்னல் என்பது முழுமையான ஓர் அலகு. பத்து சதுர மீட்டர் பலகை பாதி ஒலியை விழுங்கினால், அது ஐந்து சதுர மீட்டர் திறந்த ஜன்னலுக்குச் சமம்.

எதிர்முழக்க நேரத்தைக் காட்டும் கைப்பேசிச் செயலிகள் இருக்கின்றன. கை தட்டி, அல்லது பலூன் உடைத்து அளக்கலாம். ஆய்வுக்கூடத் துல்லியம் வராது. முன்னும் பின்னும் ஒப்பிட இது போதும். அறையின் நாலைந்து இடங்களில் அளந்து சராசரி எடுங்கள். அறைகலன்கள் எல்லாம் வந்த பிறகு அளப்பது முக்கியம். காலி அறையில் அளந்தால் தேவையைவிட அதிகமாக வாங்கிவிடுவீர்கள்.

படி 3: எவ்வளவு சதுர மீட்டர்?

உதாரணமாக 5 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரமுள்ள அறை. கன அளவு 60. அளந்தபோது 1.4 விநாடி வந்தது என்று வைத்துக்கொள்வோம்.

இப்போது அறையில் இருக்கும் உறிஞ்சுதல்: 0.161 × 60 ÷ 1.4 = 6.9 அலகு.

பேச்சு தெளிவாகக் கேட்க 0.6 விநாடி நல்ல இலக்கு. 283 கன மீட்டர் வரையுள்ள வகுப்பறைகளுக்கு அமெரிக்கத் தரநிலை விதிக்கும் மேல் எல்லையும் இதுவே. அதற்குத் தேவை: 0.161 × 60 ÷ 0.6 = 16.1 அலகு.

பற்றாக்குறை 9.2 அலகு. இனி வாங்கப்போகும் பொருளின் உறிஞ்சு எண்ணால், அதாவது மேலே படும் ஒலியில் அது விழுங்கும் பங்கால், வகுக்க வேண்டியதுதான். தடித்த, 0.8 எண்ணுள்ள பலகை என்றால் 11.5 சதுர மீட்டர். சுவரோடு ஒட்டிய மெல்லிய ஃபெல்ட், எண் 0.35 என்றால் 26 சதுர மீட்டருக்கு மேல். அதே அறை, அதே பலன், பரப்பு மட்டும் இரண்டு மடங்குக்கு மேல்.

வாங்குமுன் இன்னொன்று. அந்த 9.2 அலகில் ஒரு பகுதியை வீட்டில் ஏற்கெனவே இருக்கும் பொருள்களே கொடுத்துவிடலாம். மடிப்பு மடிப்பாகத் தொங்கும் கனமான திரை, தரை விரிப்பு, துணி உறை போட்ட சோபா இவையெல்லாம் நன்றாக உறிஞ்சும். புத்தகம் நிறைந்த அலமாரி கொஞ்சம் உறிஞ்சும், மீதியைச் சிதறடிக்கும். பரணில் சுருட்டி வைத்த விரிப்பை விரித்துவிட்டு மறுபடி அளங்கள். இலக்கை எட்டிவிட்டால் வேலை முடிந்தது. எதையும் வாங்க வேண்டாம்.

படி 4: விற்பனைத் தாளில் உள்ள எண்ணைச் சந்தேகத்தோடு படியுங்கள்

துளைகளும் இழைகளும் நிறைந்த பொருள் எப்படி ஒலியை விழுங்குகிறது? ஒலி என்பது காற்றின் முன்னும் பின்னுமான அசைவு. அந்த அசைவு இழைகளுக்கிடையே உரசி, மிகச் சிறிய வெப்பமாக மாறிவிடுகிறது. ஆனால் கெட்டியான சுவரை ஒட்டிய இடத்தில் காற்று அசைவதே இல்லை, அசைய இடமில்லை. அசைவு உச்சமாக இருப்பது சுவரிலிருந்து கால் அலைநீளத் தூரத்தில். 1000 ஹெர்ட்ஸ் (விநாடிக்கு 1000 அதிர்வு) ஒலிக்கு அது சுமார் 8.6 செ.மீ.; 500 ஹெர்ட்ஸுக்குச் சுமார் 17 செ.மீ. சுவரோடு ஒட்டிய 9 மி.மீ. தாளுக்குப் பேச்சின் கீழ்ப்பகுதி ஏன் அகப்படுவதில்லை என்பது இதில் புரிந்துவிடும். ‘ஸ’, ‘ச’ ஓசைகளை மட்டும் அது தின்றுவிடும். அறை மந்தமாகவும் முழக்கமாகவும் ஒரேசமயத்தில் ஒலிக்கும். இது ஒன்றும் செய்யாமல் விட்டதைவிட எரிச்சலானது.

ஆகவே தடிமன் வேண்டும். அல்லது பலகைக்கும் சுவருக்கும் நடுவே காற்று இடைவெளி வேண்டும். இடைவெளிக்குப் பொருள் செலவே இல்லை என்பதைக் கவனியுங்கள். 5 செ.மீ. பலகையைச் சுவரிலிருந்து 5 செ.மீ. தள்ளி மாட்டினால், பல இடங்களில் இரு மடங்கு தடிமனுக்குப் பக்கத்தில் பலன் வரும். இதைவிடச் சிக்கனமான வழி எனக்குத் தெரியவில்லை.

விற்பனைத் தாளில் காணும் என்.ஆர்.சி. என்ற எண், 250, 500, 1000, 2000 ஹெர்ட்ஸ் ஆகிய நான்கு இடங்களின் உறிஞ்சு எண்களின் சராசரி. ஐரோப்பியத் தாள்களில் இதற்குப் பதில் ‘ஆல்ஃபா டபிள்யூ’ என்ற எண்ணும் ஏ முதல் ஈ வரை வகுப்பும் இருக்கும். சராசரிக்குள் பலவீனம் ஒளிந்துகொள்ளும்; 250, 500 இரண்டுக்கும் தனி எண்ணைக் கேட்டு வாங்குங்கள். எப்படி மாட்டிச் சோதித்தார்கள் என்பதையும் பாருங்கள். மாட்டிய முறை ‘ஏ வகை’ என்றால் நேராகப் பரப்பின்மேல் வைத்தது. ‘ஈ-400’ என்றால் பின்னால் 400 மி.மீ. காற்று இடைவெளி விட்டது. அது தொங்கு கூரைக்கான சோதனை. அப்படிக் கிடைத்த 0.8-ஐ நம்பி, அதே தாளைச் சுவரில் ஒட்டினால் பாதிகூட வராது. எண் ஒன்றைத் தாண்டி 1.05 என்று இருந்தால் மிரள வேண்டாம். சோதனை அறையில் பலகையின் ஓரங்களும் ஒலியை இழுப்பதால் வரும் விளைவு அது.

ஒரு விஷயத்தில் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளமே 3.4 மீட்டர். ஸ்பீக்கரின் அடித்தொனி ‘தும்தும்’ என்று மூலையில் தேங்குவதை எந்த மெல்லிய சுவர் உறையும் தீர்க்காது.

படி 5: பொருளைத் தேர்ந்தெடுத்தல்

கம்பளி. எனக்குப் பிடித்த தேர்வு இதுதான். மெல்லிய, சுருண்ட இழைகள் என்பதால் நன்றாக உறிஞ்சும், எளிதில் தீப்பற்றாது, தன் எடையில் மூன்றில் ஒரு பங்குவரை ஈரத்தை வாங்கி, பின்பு விட்டுவிடும். காற்றிலுள்ள ஃபார்மால்டிஹைடு என்ற நச்சு வாயுவையும் பிடித்துக்கொள்ளும். எதிரி அந்துப்பூச்சி. அதற்கு என்ன மருந்து ஏற்றியிருக்கிறார்கள் என்று கேளுங்கள். போரேட் உப்பு என்றால் ஏற்கலாம்.

சணல்வகை நாரும் மறுசுழற்சிப் பருத்தியும். நெய்யாமல் தட்டையாக்கிய மெத்தை வடிவில் வரும். சட்டத்துக்குள் வைத்துத் துணி போர்த்த மிக ஏற்றது. பழைய ஜீன்ஸ் துணியைப் பிய்த்துச் செய்தவையும் உண்டு. இழைகளைப் பிணைக்க எவ்வளவு செயற்கை இழை கலந்திருக்கிறது என்பதைப் பாருங்கள், அதிகமானால் மக்காது.

தென்னை நார். உறுதியானது, ஈரத்தில் சீக்கிரம் அழுகாது. ஆனால் இழை முரடு. காற்று அதனூடே எளிதாகப் புகுந்து போய்விடுவதால், மெல்லியதாக வைத்தால் உறிஞ்சுதல் குறைவு. தடிமனும் பின்னால் இடைவெளியும் கொடுத்தால் நன்றாக வேலை செய்யும்.

மர இழைப் பலகை. நீளமாகச் சீவிய மர இழையைச் சிமெண்டோடு பிசைந்து அழுத்தியது. சிமெண்டுக்குரிய கார்பன் சுமை உண்டு. ஆனால் அடி தாங்கும், தீயை நன்றாகத் தாங்கும், பல பத்தாண்டுகள் இருக்கும். துளைகள் பெரியவை என்பதால் மெல்லியதாக வண்ணம் தெளித்தாலும் கெடாது. பிள்ளைகள் பந்தடிக்கும் இடத்துக்கு இதைத் தவிர வேறெதையும் சொல்ல மாட்டேன். கனமானது, சுவரும் திருகும் தாங்க வேண்டும்.

கார்க். மரத்தை வெட்டாமல் பட்டையை மட்டும் உரித்து எடுப்பது. முதல் உரிப்புக்கு மரம் ஏறக்குறைய 25 வயதாக வேண்டும், அடுத்தடுத்த உரிப்புக்கு ஒன்பது வருடம் காத்திருக்க வேண்டும். சூழல் கணக்கில் இதற்கு ஈடானவை குறைவு. ஒலிக் கணக்கில்தான் ஏமாற்றம். அதன் நுண்ணறைகள் மூடியவை. காற்று உள்ளே புகாது. மெல்லிய கார்க் தாளின் எண் பெரும்பாலும் 0.2-ஐத் தாண்டுவதில்லை. காலடிச் சத்தத்துக்கும் வெப்பத்துக்கும் கார்க் அருமை, முழக்கத்துக்கு வேண்டாம்.

பாட்டில் ஃபெல்ட். மறுசுழற்சி பாலியெஸ்டர். இன்று அதிகம் விற்பது இதுதான். வெட்ட எளிது, நிறங்கள் ஏராளம், ஃபார்மால்டிஹைடுப் பசை தேவையில்லை. ஆனால் இது பிளாஸ்டிக். வெட்டும்போது நுண்ணிழை உதிரும். மறுசுழற்சிப் பங்கு எத்தனை சதவீதம், அது மக்கள் பயன்படுத்தி எறிந்த பாட்டிலா, தொழிற்சாலைக் கழிவா என்று கேளுங்கள். ஆயுள் முடிந்ததும் திரும்ப வாங்கிக்கொள்வார்களா என்பது அதைவிட முக்கியமான கேள்வி. பதில் மழுப்பலாக இருந்தால், பாட்டிலின் குப்பைப் பயணம் கொஞ்சம் தள்ளிப் போயிருக்கிறது, அவ்வளவுதான்.

மரப் பட்டை ஃபெல்ட். கறுப்பு ஃபெல்ட்டின்மேல் வரிசையாக மரப் பட்டைகள் (ஒல்லியான மரச் சட்டங்கள்) ஒட்டியது. படத்தில் பார்க்க அழகு. ஆனால் முன்பரப்பில் பெரும்பகுதி ஒலியைத் திருப்பியனுப்பும் மரம். இடுக்கு வழியாகப் போவதைத்தான் ஃபெல்ட் பிடிக்கிறது. பின்னால் 4, 5 செ.மீ. சட்டம் அடித்து, நடுவே கம்பளியோ நாரோ நிரப்பினால்தான் தாளில் சொன்ன பலன் கிடைக்கும். பட்டை பெரும்பாலும் எம்.டி.எஃப். (மர இழையைப் பசையோடு அழுத்திய பலகை); ஃபார்மால்டிஹைடு வெளியேற்ற வகுப்பைக் கேளுங்கள்.

காளான் பலகை. வைக்கோல், சணல் தக்கை போன்ற வேளாண் கழிவில் காளானின் வேர் இழையை அச்சுக்குள் வளர்த்து, பிறகு சூடாக்கி வளர்ச்சியை நிறுத்துவது. ஆயுள் முடிந்தால் உண்மையிலேயே மக்கும். எளிதில் உடையும், ஈரம் அதற்கு ஆகாது. கை படாத உயரத்தில் வையுங்கள்.

பாசிச் சுவர். பதப்படுத்திய ‘கலைமான் பாசி’ உண்மையில் பாசியே இல்லை, லைக்கன். வருடத்துக்குச் சில மில்லிமீட்டர்தான் வளரும். பனிக்காலத்தில் கலைமான்களுக்கு அதுவே தீனி. காட்டிலிருந்து சுரண்டி எடுத்து அலுவலகச் சுவரில் ஒட்டுவதைப் பசுமை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

முட்டை அட்டை வேலை செய்யாது. மெல்லிய காகிதக் கூழ். உறிஞ்சுதல் சொற்பம், தீப்பற்றுவது நிச்சயம்.

படி 6: தீ, ஈரம்

இதில் சமரசம் வேண்டாம். 2003-இல் அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் ஸ்டேஷன் இரவு விடுதியில் 100 பேர் இறந்தார்கள். 2013-இல் பிரேசிலின் சாந்தா மரியாவில் கிஸ் இரவு விடுதியில் 242 பேர். இரண்டிலும் மேடை வாணவேடிக்கையின் பொறி பட்டது, ஒலி அடக்க ஒட்டியிருந்த நுரைப் பஞ்சில். பாலியூரிதேன் நுரை எரிந்தால் வரும் நச்சுப் புகையில் தப்பிக்கச் சில நிமிடங்கள்கூடக் கிடைப்பதில்லை. விலை மலிவென்று தீத்தடுப்பு இல்லாத நுரையை வாங்காதீர்கள். ஐரோப்பிய வகைப்பாட்டில் ‘பி-எஸ்1,டி0’ என்று இருந்தால் நல்லது: தீ பரவ மிகக் குறைவாகவே உதவும், புகை குறைவு, எரியும் சொட்டுகள் விழாது. பொது இடம் என்றால் அந்த ஊர் விதி என்ன கேட்கிறதோ அந்தச் சான்றிதழ் கையில் இருக்க வேண்டும். அடுப்புக்கும் ஹீட்டருக்கும் பக்கத்தில் எந்த இழைப்பொருளும் வேண்டாம்.

சுவரில் ஓதம் இருந்தால் அதைச் சரிசெய்த பிறகே இந்த வேலை. ஈரச் சுவரை மூடிவிட்டால் பின்னால் பூஞ்சை வளர்வது கண்ணுக்குத் தெரியாது; மூக்குக்குத் தெரியும்போது காலம் கடந்திருக்கும்.

படி 7: எங்கே மாட்டுவது

ஒரே சுவரை முழுக்க மூடுவது கண்ணுக்கு அழகு, காதுக்கு வீண். எதிரெதிர்ச் சுவர் ஜோடி ஒவ்வொன்றிலும் ஒரு சுவரிலாவது கொஞ்சம் இருக்கட்டும். அதே பரப்பைத் துண்டு துண்டாகப் பரப்பினால் ஓரங்கள் கூடும், உறிஞ்சுதலும் சற்றுக் கூடும். உயரம், உட்கார்ந்தவர் காதும் நிற்பவர் வாயும் இருக்கும் பகுதி: தரையிலிருந்து சுமார் 0.9 முதல் 2 மீட்டர் வரை. கூரைக்குக் கீழே அலங்கார வரிசையாக மாட்டுவது பேச்சுக்கு அவ்வளவாக உதவாது.

துல்லியமான இடம் கண்டுபிடிக்க ஒரு கண்ணாடி போதும். நீங்கள் வழக்கமாக உட்காரும் இடத்தில் உட்காருங்கள். இன்னொருவர் கண்ணாடியைச் சுவரோடு ஒட்டி நகர்த்தட்டும். எந்த இடத்தில் ஸ்பீக்கரோ பேசுபவர் முகமோ தெரிகிறதோ, அந்த இடத்தில்தான் ஒலி மோதி உங்களிடம் வருகிறது. பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். வீடியோ அழைப்புக்கு, கேமராவில் தெரியும் பின்சுவரைத்தான் எல்லோரும் அலங்கரிக்கிறார்கள். உங்கள் குரல் முதலில் போய் மோதுவது நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும் முன்சுவரில். அங்கே ஒரு பலகை வைத்துப் பாருங்கள்.

படி 8: பசை வேண்டாம், மாட்டுங்கள்

முதல்முறை செய்தபோது நான் ஃபெல்ட்டைப் பசை போட்டு ஒட்டினேன். இடம் சரியில்லை என்று கழற்றப்போனால் பூச்சும் கூடவே பெயர்ந்து வந்தது, ஃபெல்ட்டும் கிழிந்தது. இரண்டும் குப்பை. ஒட்டிய பொருளை மறுசுழற்சிக்குப் பிரிப்பது ஏறக்குறைய முடியாத காரியம், பசையிலிருந்து வரும் ஆவி வேறு.

மாற்று எளிது. ஒரு நீண்ட மரத்துண்டை நீளவாக்கில் 45 பாகை சரிவாக அறுத்தால் இரண்டு பாதி கிடைக்கும். ஒன்றைச் சுவரில், சரிவு சுவர்ப் பக்கம் இறங்கும்படி திருகுங்கள். மற்றதைத் தலைகீழாகப் பலகையின் முதுகில் அடியுங்கள். பலகையைத் தூக்கி மேலே வைத்தால் தானாகக் கவ்விக்கொள்ளும். தேவையான காற்று இடைவெளியும் அதிலேயே கிடைத்துவிடும். கீழே அதே தடிமனில் ஒரு துண்டுப் பட்டை வைத்தால் பலகை சாயாது. லேசான ஃபெல்ட்டுக்கு, அதை மெல்லிய பிளைவுட்டில் பொருத்தி அந்தப் பிளைவுட்டை மாட்டுங்கள்.

நீங்களே செய்வதானால்: 60 × 120 செ.மீ. அளவில், பழைய மரத்தில் ஒரு சட்டம். ஆழம் 5 செ.மீ.க்குக் குறைய வேண்டாம். பின்பக்கம் மெல்லிய துணி, உள்ளே கம்பளி அல்லது பருத்தி மெத்தை, முன்பக்கம் உறைத்துணி. மெத்தையை அமுக்கித் திணிக்காதீர்கள். தொய்ந்து விழாத அளவுக்கு நின்றால் போதும். துணியைத் தேர்ந்தெடுக்க, வாயருகே பிடித்து ஊதிப் பாருங்கள். மூச்சு தாராளமாக மறுபக்கம் போனால் ஒலியும் போகும். சணல், லினன், தளர்வான பருத்தி சரிவரும். ரெக்சின், நெருக்கமாக நெய்த பட்டு ஆகாது. எதைச் செய்தாலும் முடிந்த பிறகு மேலே பெயிண்ட் பூசிவிடாதீர்கள். துளை அடைபட்டால் அது வெறும் பலகை.

இயற்கை இழைகளை வெட்டுமுன் இரண்டு நாள் அறையிலேயே வைத்துப் பழக்குங்கள். ஈரத்துக்கேற்பச் சற்று விரியும், சுருங்கும். வெட்டும்போது முகக்கவசம் போடுங்கள். ஃபெல்ட்டை ஒரே இழுப்பில் அறுக்காமல், புதுப் பிளேடால் மூன்று நான்கு முறை கோடு போட்டு வெட்டினால் ஓரம் சுத்தமாக வரும்.

படி 9: பாதி மாட்டி, நிறுத்தி, மறுபடி அளங்கள்

கணக்குப் போட்ட 11.5 சதுர மீட்டரையும் ஒரே நாளில் மாட்ட வேண்டாம். ஆறு சதுர மீட்டர் மாட்டிவிட்டுப் பலூனை உடையுங்கள். சபைனின் வாய்ப்பாடு, உறிஞ்சுதல் அறை முழுக்கச் சமமாகப் பரவியிருப்பதாக எண்ணிக்கொள்கிறது; நிஜ அறை அப்படி இருக்காது. குறிகளைச் சரியாகப் போட்டிருந்தால் எட்டு, ஒன்பது சதுர மீட்டரிலேயே காதுக்குப் போதும் என்று தோன்றலாம். 0.3 விநாடிக்குக் கீழே போய்விட்டால் அறை அடைத்ததுபோல் இருக்கும், பேசவே சலிப்பாக இருக்கும். அப்போது ஓரிரு பலகையைக் கழற்றி வேறு அறைக்குக் கொண்டுபோங்கள். கொக்கியில் மாட்டியிருந்தால் அதற்கு ஒரு நிமிடம் போதும்.

அப்புறம் பராமரிப்பு: மாதம் ஒருமுறை மென்மையான தூரிகை முனையோடு வேக்குவம். கம்பளி இருந்தால் வருடம் ஒருமுறை கழற்றி முதுகைப் பாருங்கள், அந்து இருக்கிறதா என்று. எந்தப் பொருள், எந்தத் தீ வகுப்பு, எப்போது மாட்டியது என்று பலகையின் பின்னாலேயே பேனாவால் எழுதிவையுங்கள். பதினைந்து வருடம் கழித்து அதைக் கழற்றப்போகிறவருக்கு, எங்கே கொடுப்பது என்று தெரிய வேண்டுமே.